34 ரோ ஹவுஸ், ஒரே ஒரு 23 அடிச் சாலை: சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கடலூரில், தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட பகுதியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் குடியிருப்பது 1994இல் டி.டி.சி.பி., அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு. அவருடைய தெரு 23 அடி அகலம். தெருவின் கடைசி மனையைத் தாண்டி 1 ஏக்கர் 20 சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது. அதை வாங்கிய பிரமோட்டர், தலா 1,500 சதுர அடியில் 34 ரோ ஹவுஸ், அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள், கட்டப்போவதாகப் பேனர் வைத்து முன்பதிவையும் தொடங்கிவிட்டார். தெருக்கோடியில் இருந்த காலி மனையையும் அவரே வாங்கி, சுற்றுச்சுவரை இடித்து, தோப்புக்குள் லாரி போக வழி செய்துவிட்டார். தோப்புக்குத் தெற்கே 12 அடி வண்டிப்பாதை ஒன்றும் உண்டு.

இப்போது வீடு வீடாக ஒரு 'சம்மதக் கடிதம்' வருகிறது. கையெழுத்துப் போட்டால் தெருவுக்குப் புதுத் தார் போடுவதாகவும், அங்கே வீடு வாங்கினால் இரண்டு லட்சம் தள்ளுபடி தருவதாகவும் சொல்கிறார்கள். 11 வீட்டுக்காரர்கள் போட்டுவிட்டார்கள். வாசகியின் கேள்விகள் இவை: சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளை இவ்வளவு நெருக்கமாகக் கட்ட முடியுமா? தெரு எங்களுக்குச் சொந்தமானதுதானே, கேட் போட்டுத் தடுக்கலாமா? தோப்பு பட்டாவில் நஞ்சை என்று இருக்கிறதே, அங்கே எப்படி வீடு வரும்? தெருவில் எல்லோரும் சேர்ந்து எதிர்ப்பு மனு கொடுத்தால் அனுமதி நின்றுவிடுமா? 2024 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தோப்பில்தான் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, இனி அது எங்கே போகும்? இதற்கிடையே அவருடைய தம்பி அதே திட்டத்தில் 62 லட்ச ரூபாய் வீடு ஒன்றுக்குப் பத்து லட்சம் முன்பணம் கட்டத் தயாராக இருக்கிறார்.

அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டட அனுமதிக்கு அக்கம்பக்கத்தாரின் சம்மதம் தேவை என்று எந்த விதியும் இல்லை. பிறகு எதற்காக அவர் வீடு வீடாக வருகிறார்? தோப்புக்குச் சொந்தமாக உள்ள வழி 12 அடி வண்டிப்பாதை மட்டுமே, அதாவது சுமார் 3.65 மீட்டர். அந்த அகலத்தை வைத்துக்கொண்டு 34 வீட்டுக்கு அனுமதி வாங்க முடியாது. அவருடைய திட்டம் நிற்பதும் விழுவதும் உங்கள் தெருவை நம்பித்தான். நாளைக்கு நீங்கள் அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ ஆட்சேபம் எழுப்பினால், "இவர்களே வழிக்குச் சம்மதித்தவர்கள்" என்று காட்ட அந்தக் காகிதம் உதவும். கையெழுத்துப் போட்ட 11 பேரும், முழு விவரம் தெரியாமல் போட்டதாகவும் அதைத் திரும்பப் பெறுவதாகவும் பிரமோட்டருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பி, அதன் நகலை நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் கொடுக்கட்டும்.

வீடுகளின் எண்ணிக்கையை வைத்து வாதாடாதீர்கள்

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் '34 வீடு' என்ற எண்ணைப் பற்றியே இருக்கிறது. வருத்தம் நியாயமானதுதான். ஆனால் சட்டத்தில் உங்கள் பக்கம் பலம் குறைவாக இருக்கும் இடமும் அதுவே. கடலூருக்குப் பொருந்துவது 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். புதுச்சேரிக்குச் சட்டமும் வேறு, விதிகளும் வேறு. அங்கே யாராவது உறவினர் வீடு கட்டும்போது அதிகாரிகள் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எடுத்துப் பேசினால் அதிகாரி முதல் வரியிலேயே மனுவை மூடிவைத்துவிடுவார்.

நம் விதிகளில் உயரமில்லாக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., 2.0. எல்லாத் தளங்களையும் கூட்டினால் நிலத்தின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு வரை கட்டலாம் என்பது இதன் பொருள். கணக்கைப் பாருங்கள். 1 ஏக்கர் 20 சென்ட் என்பது சுமார் 4,856 சதுர மீட்டர். அதில் 9,700 சதுர மீட்டர் வரை கட்டலாம். 1,500 சதுர அடி வீடு ஒன்று சுமார் 139 சதுர மீட்டர். 34 வீடுகளுக்கு 4,740 சதுர மீட்டர்கூட வராது. குறியீடு 1.0க்கும் கீழே நிற்கிறது. அனுமதிக்கப்பட்டதில் பாதியைத்தான் அவர் கேட்கிறார். 'அளவுக்கு மீறிய அடர்த்தி' என்று எழுதினால் அவருடைய வழக்கறிஞர் இந்த ஒரு கணக்கைக் காட்டியே உங்கள் மனு முழுவதையும் பொய்யாக்கிவிடுவார்.

சுவர் ஒட்டிய வீடு என்பதும் தடைசெய்யப்பட்டதல்ல. முன்னும் பின்னும் திறந்தவெளி விட்டு வரிசையாகக் கட்டும் முறையை நம் விதிகள் அறிந்தே வைத்திருக்கின்றன. வரிசையின் இரு முனைகளிலும், உங்கள் எல்லையை ஒட்டிய பக்கத்திலும் செட்பேக், அதாவது எல்லைக்கும் கட்டடத்துக்கும் இடையே விட வேண்டிய காலி இடம், விடப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் வரைபடத்தில் அளந்து பாருங்கள். கார் நிறுத்துமிடம் தோப்பு எல்லைக்குள்ளேயே காட்டப்பட்டிருக்க வேண்டும். அதுவும் முன்பக்கச் செட்பேக்கில் ஷெட் போட்டு மூடிய இடமாக இருக்கக்கூடாது. இந்தத் தவறு ரோ ஹவுஸ் திட்டங்களில் அடிக்கடி நடக்கிறது. வரைபடத்தில் வெட்டவெளி இருக்கும், சாவி கொடுக்கும்போது கூரை இருக்கும், கார் உங்கள் வாசலில் நிற்கும்.

ஒரு குறுக்குவழியையும் கவனியுங்கள். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் கட்டுவதற்குச் சுயசான்று முறை வந்திருக்கிறது. ஒரே திட்டத்தை 34 தனித்தனி வீடுகளாகக் காட்டி, இணையதளத்தில் 34 சுயசான்று எடுக்கும் யோசனை சிலருக்கு வரலாம். மனைப்பிரிவுக்கே அங்கீகாரம் இல்லாமல் அந்த வழி செல்லாது. அங்கீகாரமில்லாத மனையை வீட்டுமனையாகப் பத்திரம் பதியப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவும் இடம் தராது.

தெரு யாருடையது?

இந்த இடத்தில் உங்கள் எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளும் பூங்காவும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்படுகின்றன. ஒப்படைத்தபின் அது பொதுச்சாலை. நீங்கள் கேட் போட்டால் சட்டத்தை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள். பிரமோட்டர் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்வார். 1990களில் போட்ட சில மனைப்பிரிவுகளில் தானப் பத்திரம் பதியப்படாமலே விட்டுப்போனதும் உண்டு. ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

ஆனால் பொதுச்சாலை என்பதாலேயே தோப்புக்கு அந்த வழி கிடைத்துவிடாது. உங்கள் தெரு தோப்பைத் தொடவில்லை; இடையில் ஒரு வீட்டுமனை இருக்கிறது. 1994 வரைபடத்தில் அது குடியிருப்பு மனை. அதைச் சாலையாக்கி வெளி நிலத்தோடு இணைப்பது அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவையே மாற்றுவதாகும். அதற்கு அங்கீகாரம் கொடுத்த அதிகாரியிடம் திருத்திய வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். மனையை விலைக்கு வாங்கிவிட்டதாலோ சுவரை இடித்துவிட்டதாலோ அது சாலையாகிவிடாது. உங்கள் மனுவின் முதல் பத்தி இதுவாகவே இருக்கட்டும். 1994ஆம் ஆண்டு அங்கீகார எண், அந்த மனையின் எண், சுவர் இடிக்கப்பட்ட நாள், புகைப்படம் எல்லாம் அந்தப் பத்தியிலேயே வர வேண்டும்.

அடுத்தது அகலம். சாலையின் அகலத்தைப் பொறுத்தே எத்தனை குடியிருப்புகள், எவ்வளவு உயரம் என்பதை விதிகளின் அட்டவணை தீர்மானிக்கிறது. பேச்சுவழக்கில் '23 அடி ரோடு' என்கிறோம். வரைபடத்தில் அது 7.2 மீட்டர் என்று இருக்கலாம், அதாவது 23 அடி 7 அங்குலம். சரியாக 23 அடி என்றால் 7.01 மீட்டர்தான். ஏழு அங்குலம் சின்ன விஷயமல்ல, வரம்பு 7.2 என்று இருக்கும் இடத்தில் 7.01 போதாது. டேப்பை எடுத்துத் தெருவின் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் அளந்து எழுதுங்கள். அப்போது உங்கள் தெருக்காரர்கள் போட்டிருக்கும் வாசற்படி, கார் ஏறும் சாய்தளம், செடிக்கூண்டு எல்லாம் சாலைக்குள் எவ்வளவு வந்திருக்கின்றன என்பதும் தெரியும். அவற்றை முதலில் நீங்களே அகற்றிவிடுங்கள். ஆக்கிரமித்தவர் சாலை குறுகல் என்று புகார் சொன்னால் அது எடுபடாது.

நஞ்சை என்ற சொல்

பட்டாவில் நஞ்சை என்று இருப்பது வருவாய்த்துறையின் வகைப்பாடு. வீடு கட்டலாமா என்பதைத் தீர்மானிப்பது ஊரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்தப் புல எண்ணுக்குக் காட்டப்பட்டிருக்கும் நில உபயோகம். இரண்டும் வேறு. நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் புல எண்ணைக் கொடுத்து நில உபயோகம் என்னவென்று எழுத்தில் வாங்குங்கள். குடியிருப்பு என்று இருந்தால் நஞ்சை வாதத்தைக் கைவிட்டுவிடுங்கள். விவசாயம் என்று இருந்தால் நில உபயோக மாற்றம் இல்லாமல் அவரால் நகர முடியாது. அந்த மாற்றத்துக்குத்தான் நாளிதழில் அறிவிப்பு வந்து பொதுமக்களின் ஆட்சேபம் கேட்கப்படும்; சாதாரணக் கட்டட அனுமதிக்கு அப்படி ஒரு கருத்துக்கேட்பு கிடையாது. எனவே எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டு எதிர்த்தால் அனுமதி நின்றுவிடும் என்பது சரியல்ல. நூறு கையெழுத்தைவிட விதியைச் சுட்டும் ஒரு பக்க மனுவுக்கு வலிமை அதிகம்.

பூங்கா நிலம்

3,000 சதுர மீட்டரைத் தாண்டிய திட்டங்களில், சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். உள்சாலைக்கு 900 சதுர மீட்டர் போனால் ஒதுக்க வேண்டியது சுமார் 395 சதுர மீட்டர், பத்து சென்ட்டுக்குச் சற்றே குறைவு. ஆனால் 10,000 சதுர மீட்டருக்குள் உள்ள திட்டங்களில் நிலம் ஒதுக்க முடியாத நிலை என்றால் அதற்குரிய வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டவும் வழி இருக்கிறது. பணத்தைக் கணக்கிடும்போது முதல் 3,000 சதுர மீட்டர் கழிக்கப்படும். அதனால் பிரமோட்டருக்கு நிலம் கொடுப்பதைவிடப் பணம் கட்டுவதே மலிவு. 'இந்த இடத்தில் நிலமாகவே வாங்குங்கள், தாழ்வான மூலையிலேயே வாங்குங்கள்' என்று அதிகாரியிடம் கேளுங்கள். காரணத்தைத் தண்ணீர் பற்றிய பகுதியில் சொல்கிறேன். தோப்பை இரண்டு மூன்று பெயர்களில் 3,000 சதுர மீட்டருக்குக் கீழாகப் பிரித்து இந்தக் கடமையிலிருந்து நழுவப் பார்ப்பதும் உண்டு. கடந்த சில ஆண்டுகளின் வில்லங்கச் சான்றையும் புலப்படத்தையும் எடுத்து வைத்தால் அது வெளிப்பட்டுவிடும்.

உங்கள் மனைப்பிரிவின் பூங்காவில் கை வைத்தால் தயங்காமல் எதிர்க்கலாம். பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை வேறு உபயோகத்துக்குத் தர முடியாது என்றும், அதற்காக வழக்குத் தொடரப் பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் 1991இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் சொல்லியிருக்கிறது.

தண்ணீர்தான் உண்மையான கேள்வி

நீங்கள் கடைசியாக, ஒரே வரியில் எழுதியிருப்பது இதைத்தான். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் கனமாகப் பட்டதும் இதுவே. ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரை புரண்டபோது உங்கள் தெருவுக்கு வர வேண்டிய தண்ணீரைத் தோப்பு தாங்கிக்கொண்டது. இப்போது அவர் தோப்பைச் சாலை மட்டத்துக்கு உயர்த்த மூன்று அடி, அதாவது 0.9 மீட்டர், மண் கொட்டினால் சுமார் 4,370 கனமீட்டர் கொள்ளளவு காணாமல் போகும். லிட்டர் கணக்கில் 43 லட்சத்துக்கு மேல். அத்தனை தண்ணீரும் பக்கத்தில் உள்ள தாழ்வான இடத்தைத் தேடும். அது உங்கள் வாசல்.

வெள்ளம் இல்லாத மழை நாளிலும் கணக்கு சாதாரணமானதல்ல. இந்தப் பரப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது ஏறத்தாழ 4.85 லட்சம் லிட்டர். தோப்பு மண் அதில் ஒரு பகுதியைக் குடித்துக்கொண்டது; கூரையும் சிமென்ட் கல்லும் குடிக்காது. கழிவுநீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 34 வீட்டின் ஒரு நாள் பயன்பாடு சுமார் 23,000 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் உங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. நிரம்பி மேலே வரும். பாதாளச் சாக்கடை இணைப்பா, சுத்திகரிப்பு அமைப்பா என்று எழுத்தில் கேட்பது அதனால்தான்.

இவற்றை மனுவில் வெறும் பயமாக எழுதாமல் ஆதாரமாகக் கொடுங்கள். 2015 வெள்ளத்திலும் 2024 வெள்ளத்திலும் எடுத்த கைபேசிப் படங்களைத் தேதியோடு சேகரியுங்கள். மின்கம்பத்திலோ பழைய சிறுபாலத்தின் விளிம்பிலோ தண்ணீர் நின்ற உயரத்தைப் பெயின்ட்டால் குறித்து, அங்கிருந்து தோப்பின் இன்றைய தரை எத்தனை அடி கீழே இருக்கிறது என்பதை அளந்துவிடுங்கள். மண் கொட்டிய பிறகு பழைய மட்டத்தை யாராலும் நிரூபிக்க முடியாது. ஆகவே இது இந்த வாரமே நடக்க வேண்டிய வேலை. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தையும், ஒவ்வொரு புல எண்ணின் வகைப்பாட்டையும் காட்டும் அ-பதிவேட்டையும் பாருங்கள். தோப்புக்குள் வாய்க்கால் புறம்போக்கு ஓடினால் அதன்மேல் யாருக்கும் உரிமை வராது, கட்டவும் முடியாது. நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று வாங்கப்பட்டதா, அதில் தரைமட்டம் எவ்வளவு என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள், மழைநீர் எந்த வடிகாலில் சேர்கிறது என்ற மூன்றையும் கேளுங்கள். முகத்துவாரத்துப் பக்கம் கடல் ஏற்றம் எட்டும் இடமாக இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

எந்த வரிசையில் செய்வது

கவுன்சிலரோ வேறு யாரோ 'அனுமதி வந்தாச்சு' என்றால் அதை அப்படியே நம்ப வேண்டாம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, இந்தப் புல எண்ணுக்கு விண்ணப்பம் வந்துள்ளதா, எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். நகல் மட்டும் கேட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று மறுக்கலாம். கோப்பை நேரில் பார்வையிடவும் சேர்த்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அதன் பதிலுக்காகக் காத்திருக்காமல், சாலை, மனை மாற்றம், வெள்ளநீர், திறந்தவெளி என்ற நான்கு தலைப்பில் ஆட்சேபணை மனுவை நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் மாநகராட்சியிலும் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அனுமதி இல்லாமல் வேலை நடந்தால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின்கீழ் நிறுத்தவும் பூட்டி முத்திரையிடவும் அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. அங்கீகரித்த வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பேனர் வைத்தவரிடம் அந்த வரைபடத்தையும் வைக்கச் சொல்லுங்கள். அதிகாரிகள் அசையவில்லை என்றால் அடுத்த படி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. கடலூர் வருவது சென்னை அமர்வின்கீழ், மதுரையின்கீழ் அல்ல. 'அதிகாரியிடம் மனு கொடுத்தீர்களா?' என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக வரும். முத்திரை வாங்கிய நகல் அப்போது பேசும். வழக்கைத் தாமதிப்பதில் பெரிய ஆபத்து உண்டு. வீடுகள் எழும்பி, 34 குடும்பங்கள் வங்கிக் கடனோடு உள்ளே வந்துவிட்டால், நீதிமன்றத்துக்கும் கை கட்டப்பட்டதுபோல் ஆகிவிடும்.

என் கருத்தைக் கேட்டால், திட்டமே வேண்டாம் என்று நிற்காதீர்கள். தோப்பு என்றைக்காவது வீடாகத்தான் போகிறது. அதில் வாழ வரப்போகிறவர்களும் உங்களைப் போன்ற சம்பளக்காரர்களே. வழியை முறைப்படி வாங்கு, தரைமட்டத்தைக் கட்டுப்படுத்து, தாழ்வான மூலையைத் திறந்தவெளியாக விடு, வடிகாலை முதலில் கட்டு என்று நிபந்தனைகளாகக் கேட்டால் அதிகாரியால் 'ஆகட்டும்' என்று எழுத முடியும். வேண்டவே வேண்டாம் என்றால் அவரால் உங்கள் மனுவை மறுக்கத்தான் முடியும்.

உங்கள் தம்பிக்கு

பத்து லட்சத்தை இப்போது கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016இன்படிப் பதிவு கட்டாயம். இந்தத் திட்டம் இரண்டு வரம்பையும் தாண்டுகிறது. பதிவு எண் இல்லாமல் விளம்பரம் செய்வதும் முன்பதிவு வாங்குவதும் 3ஆம் பிரிவை மீறுவதாகும். திட்டச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. பேனரில் பதிவு எண் இருக்கிறதா, இருந்தால் தமிழ்நாடு ஆணையத்தின் இணையதளத்தில் அதே புல எண்ணும் அதே 34 வீடும் வருகிறதா என்று அவர் பார்க்கட்டும். பதிவான பிறகும், விற்பனை ஒப்பந்தத்தைப் பத்திரப்பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. 62 லட்சத்துக்கு அது 6,20,000 ரூபாய். பத்து லட்சம் கேட்பதே சட்டத்துக்குப் புறம்பு.

ஒப்பந்தத்தில் அவர் பார்க்க வேண்டியது, தனக்குக் கிடைப்பது தனி மனையா, மொத்த நிலத்தில் பிரிக்கப்படாத பங்கான பிரிபடாத பாகமா என்பதும், உள்சாலையும் வெளிவழியும் எந்தப் பத்திரத்தில் வருகின்றன என்பதும். நிறைவுச் சான்று இல்லாமல் சாவி வாங்கக்கூடாது. உங்கள் தெருக்கோடி மனைக்குத் திருத்திய வரைபட ஒப்புதல் வராதவரை அந்த 34 வீட்டுக்கும் சட்டப்படியான வழி 12 அடி வண்டிப்பாதைதான் என்பதை அவரிடம் வரைபடத்தோடு காட்டுங்கள்.